இரண்டு நாள் தாமதம்: டோக்கியோவுக்கு எப்படிச் சொல்வது, ஸ்டுட்கார்ட்டுக்கு எப்படிச் சொல்வது?

மென்பொருள் ஒப்படைப்பு இரண்டு நாள் தள்ளிப்போகும் என்று சென்னைக் குழுவுக்குப் புதன்கிழமையே தெரிந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டில் எழுதினால் போதுமா? ஜெர்மன் கிளையண்ட் என்றால், மாற்றுவழியோடு எழுதினால் பெரும்பாலும் போதும். ஜப்பானிய கிளையண்டிடம் அதே வரி நம்பிக்கையைக் கெடுத்துவிடும். தாமதம் அவர்களுக்கு இரண்டாம் பிரச்சினை. புதன்கிழமை தெரிந்ததை வெள்ளிக்கிழமை வரை வைத்திருந்ததுதான் முதல் பிரச்சினை.

ஜப்பானிய அலுவலகங்களில் புதியவர்களுக்குச் சொல்லித்தரும் பாடம் 'ஹோரென்சோ'. ஹோகொகு என்றால் அறிவிப்பது, ரென்ராகு என்றால் தகவல் பகிர்வது, சோதன் என்றால் கலந்துபேசுவது. (சேர்த்துச் சொன்னால் பசலைக்கீரைக்கும் அதே ஒலி, அதனால் யாருக்கும் மறப்பதில்லை.) நம்மவர்கள் தடுக்கி விழுவது மூன்றாவதில். 'நாமே சரிசெய்துவிட்டு அப்புறம் சொல்லலாம், அவர்களை எதற்குக் கலவரப்படுத்துவது' என்பது இங்கே பொறுப்புணர்ச்சி. அங்கே அது மறைப்பு. சந்தேகம் வந்த கணமே, விடை இல்லாமலே, போய்ப் பேச வேண்டும். ஜெர்மனியில் விடையில்லாமல் தினமும் போய் நின்றால், 'இது உங்கள் வேலைதானே?' என்பார்கள்.

டச்சு சமூக உளவியலாளர் கீர்த் ஹோஃப்ஸ்டெட் 1967க்கும் 1973க்கும் இடையில் ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கணிப்பிலிருந்து வளர்ந்த, நாடுகளின் பண்பாட்டை ஒப்பிடும் அளவுகோலை இங்கே வைத்துப் பார்க்கலாம். அதிகார இடைவெளியில் (மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள ஏற்றத்தாழ்வை இயல்பாக ஏற்கும் போக்கு) இந்தியா 77, ஜப்பான் 54, ஜெர்மனி 35. நிச்சயமின்மையைத் தவிர்க்கும் போக்கில் ஜப்பான் 92, ஜெர்மனி 65, இந்தியா 40. ஆக, ஜெர்மானியரோடு நமக்கு உரசல் வருவது மேலாளருக்குக் கெட்ட செய்தி சொல்லத் தயங்கும் இடத்தில். ஜப்பானியரோடு, 'பார்த்துக்கலாம்' என்று விடும் இடத்தில். இவை சராசரிகள். எதிரே உட்கார்ந்திருக்கும் தனி மனிதரை இந்த எண்களால் எடைபோட முடியாது.

டெஸ்டிங் அறிக்கையில் வித்தியாசம் இன்னும் கூர்மை. ஜப்பானில் ஒவ்வொரு டெஸ்ட் கேஸுக்கும் ஸ்க்ரீன்ஷாட்டை எக்செலில் ஒட்டிக் கேட்கும் வழக்கம் பரவலாக உண்டு. அதற்கு 'எவிடென்ஸ்' என்றே பெயர். பல நிறுவனங்கள் பிழை அடர்த்திக்கு மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டும் வைத்திருக்கும். ஆயிரம் வரிக்கு இத்தனை பிழை என்ற கீழ் எல்லைக்கும் குறைவாக வந்தால், 'சோதனையே சரியாக நடக்கவில்லையோ' என்று விளக்கம் கேட்பார்கள். 'ஜீரோ டிஃபெக்ட்' என்று பெருமையாக அனுப்பிய குழு, ஏன் ஒன்றுமே கிடைக்கவில்லை என்று நிரூபிக்க உட்கார வேண்டியிருக்கும். கிடைத்த பிழைக்கு உடனடித் தீர்வு, நிரந்தரத் தீர்வு என இரண்டு பத்தி எழுத வேண்டும். மூன்றாவதாக 'யோகோதென்காய்': இதே தவறு வேறெந்த மாட்யூலில் இருக்கலாம் என்று தேடிய பட்டியல். நம் குழுக்கள் அதிகம் விட்டுவிடுவது இதைத்தான்.

ஜெர்மனியில் அளவுகோல் ஆவணம். கிளையண்ட் தன் தேவைகளை எழுதுவது லாஸ்டன்ஹெஃப்ட், அதை எப்படி நிறைவேற்றுவோம் என்று நாம் எழுதுவது ஃப்ளிஷ்டன்ஹெஃப்ட். அவர்களுடைய குடிமைச் சட்டத்தின் 640ஆம் பிரிவுப்படி, முக்கியமற்ற குறைகளைக் காட்டி, முடித்துக் கொடுத்த வேலையை ஏற்க மறுக்க முடியாது. எனவே ஒவ்வொரு குறையும் ஆவணத்தின் எந்தத் தேவையைச் சேர்ந்தது என்ற எண்ணையும் அதன் தீவிரத்தையும் குறிப்பது சம்பிரதாயம் அல்ல, பணம் வந்துசேரும் வழி. 'கிளையண்ட் சந்தோஷப்படட்டும்' என்று கேட்காத வசதி ஒன்றைச் சேர்த்தால், அதை யார் சோதிப்பது என்ற கேள்விதான் திரும்பி வரும்.

'சரி' என்ற சொல்லில் இரு பக்கமும் கோளாறு. ஜப்பானியரின் 'ஹாய்' பல நேரம் 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' மட்டுமே. 'பரிசீலிக்கிறோம்', 'கொஞ்சம் கடினம்' என்பவை பெரும்பாலும் மறுப்பு. அங்கே நாம் அவர்களைத் தவறாகப் படிக்கிறோம். ஜெர்மானியரோ நம்மைத் தவறாகப் படிக்கிறார்: 'ட்ரை பண்றேன்' என்பதை நிஜ முயற்சியென்றே குறித்துக்கொள்வார். எதிர்மறைக் கேள்வி இன்னொரு பொறி. 'ஃபைல் வரலையா?' என்றால் தமிழில் 'ஆமா, வரல' இயல்பு. ஜப்பானிய மொழியிலும் அப்படியே. ஜெர்மானியரிடம் ஆங்கிலத்தில் வெறும் 'யெஸ்' சொன்னால் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளலாம். முழு வாக்கியமாகப் பதில் சொல்வதே பாதுகாப்பு.

இரண்டு கிளையண்டும் உள்ள குழு எதைப் பொதுப் பழக்கமாக வைக்கலாம்? நேரத்துக்கு ஜப்பான், வடிவத்துக்கு ஜெர்மனி. சந்தேகம் வந்த அன்றே சொல்லுங்கள். ஆனால் என்ன நடந்தது, தேதிக்கு என்ன பாதிப்பு, இரண்டு மாற்றுவழி, எப்போதுக்குள் முடிவு வேண்டும் என்ற நான்கு வரியில் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் வேலையின் நிலையைக் காட்டும் பச்சை, மஞ்சள், சிவப்பை மேலாளரின் விருப்பத்துக்கு விடாதீர்கள். வெளியே பச்சை, உள்ளே சிவப்பு என்ற தர்பூசணி ரிப்போர்ட் அங்கேதான் விளைகிறது. பத்து நாள் வேலையில் ஒரு நாள் நழுவினால் மஞ்சள் என்று எண்ணால் கட்டிவிடுங்கள்.

டோக்கியோ நம்மைவிட மூன்றரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. மாலை நாலு மணிக்குக் கிளம்பும் கேள்வி அங்கே இரவு ஏழரைக்குப் போய்ச் சேரும். அதனால் ஜப்பான் குழுவின் ஸ்டாண்ட்-அப்பை (தினசரிச் சிறு கூட்டம்) காலை ஒன்பதரைக்கு வையுங்கள். ஸ்டுட்கார்ட் குழுவினர் நம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடினாலும் கெட்டுப்போகாது.