ஈல் ஓ ஸெக்ரெட்: போய் வாருங்கள், ஆனால் சதவீதத்தை நம்பிப் போகாதீர்கள்

மொரிஷியஸில் மாயெபூர் ஊர்ப் பக்கம் பிள்ளைகளோடு எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஈல் ஓ ஸெக்ரெட் (Île aux Aigrettes) தீவைத்தான். புவாந்த் ஜெரோமில் படகேறினால் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. 26 ஹெக்டேர் அளவுள்ள தீவு, கருங்காலிக் காடு, அதற்குள் ராட்சத ஆமைகள், கிளைகளில் இளஞ்சிவப்புப் புறாக்கள்.

எங்களோடு வந்த வழிகாட்டிப் பெண்ணுக்கு முழு மதிப்பெண். தாழ்ந்த கிளையில் இருந்த ஒரு புறாவின் காலைக் காட்டி, அதிலிருந்த வண்ண வளையங்களைப் பார்க்கச் சொன்னார். எது எந்தப் புறா என்று தெரிவது அவற்றால்தான். 1990-களின் தொடக்கத்தில் காட்டில் சுமார் 10 புறாக்கள்தான் மிஞ்சியிருந்தன, இப்போது சில நூறு என்றார். அந்த ஒரு வரியில் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

என் வருத்தமெல்லாம் டிக்கெட் எடுத்துத் தந்த பயண நிறுவனத்தின் துண்டுப் பிரசுரத்தின் மேல். 'மொரிஷியஸ் வல்லூறு 10,000% பெருகியது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். எத்தனையிலிருந்து எத்தனை என்று எங்கும் இல்லை. இத்தனைக்கும் அந்த வல்லூறு இந்தத் தீவில் வாழ்வதே இல்லை!

1974-இல் காட்டில் இருந்ததாகத் தெரிந்த வல்லூறுகள் வெறும் 4. டி.டி.டி. பூச்சிக்கொல்லி மருந்தும் காடழிப்பும் செய்த வேலை. கூட்டிலிருந்து முதல் முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்து, தாய்ப்பறவையை மறுபடி முட்டையிட வைத்துத்தான் அந்த இனத்தை மீட்டார்கள். சரி, 4 என்பது 400 ஆனதாகவே வைத்துக்கொள்வோம். அது 100 மடங்கு, அதிகரிப்பு 9,900%. அந்த 400-இல் பாதி செத்துப்போனாலும், 4-லிருந்து கணக்குப் பார்த்தால் 4,900% வளர்ச்சி என்று பெருமையாக அச்சடிக்கலாம். வல்லூறுக்கு நிஜமாகவே ஒரு சரிவு வந்து, 2014-இல் அது மறுபடியும் அழியும் ஆபத்திலுள்ள பறவைகளின் பட்டியலுக்குப் போனது. பிரசுரத்தைப் படித்தவருக்கு இது எப்படித் தெரியும்? இவ்வளவு பெருகிவிட்டதே, இனி எதற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்றுதானே நினைப்பார்? நுழைவுக் கட்டணம் போய்ச் சேருவது இந்தப் பறவைகளுக்குத்தான் என்பதால் எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். மூடிய செருப்பு, தொப்பி, கொசு மருந்து அவசியம். எங்களுக்கு விளக்கம் உள்ளூர் மொழியான கிரியோலில் கிடைத்தது. பாட்டிக்கும் எல்லாம் புரிந்தது.