இறுகிப்போன ஆயில் ஃபில்டருக்கு மூன்று நக ரெஞ்ச்: என் அனுபவம்

என்ஜின் எண்ணெயை வடிகட்டும் ஆயில் ஃபில்டர் அசைய மறுத்தால் பலரும் முதலில் கையில் எடுப்பது சுத்தியலையும் நீளமான ஸ்க்ரூடிரைவரையும்தான். ஃபில்டரின் வயிற்றில் ஸ்க்ரூடிரைவரை அடித்து இறக்கி, அதையே கைப்பிடியாக்கித் திருப்புவார்கள். இந்த முறை எனக்கு அறவே பிடிக்காது. ஃபில்டரின் உறை மெல்லிய தகடு. எண்ணெய் கசியாமல் தடுக்கும் அதன் ரப்பர் வளையம் என்ஜினோடு ஒட்டிக் கிடக்கும்போது இப்படி நெம்பினால், வளையம் விடுவதற்கு முன்பே தகடு கிழிந்துவிடலாம். கிழிந்துவிட்டால் அப்புறம் எந்தக் கருவிக்கும் பிடி கிடைக்காது, முழங்கை வரை எண்ணெய் வழிவதுதான் மிச்சம்.

அந்த நிலைக்குப் போகவே கூடாது என்றுதான் மூன்று நகங்கள் கொண்ட ஃபில்டர் ரெஞ்சை வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும் கருவி, ஆனால் நல்ல கனம். நடுவில் உள்ள சதுரத் துளையில் 3/8 அங்குல ராட்செட்டை (ஒரு திசையில் மட்டும் விசை கொடுக்கும் கைப்பிடியை)ச் செருகித் திருப்பினால், உள்ளிருக்கும் பற்சக்கரங்கள் சுழன்று மூன்று நகங்களும் உள்நோக்கி மடங்கும். விசை கூடக் கூடப் பிடியும் இறுகும். வழுக்கும் என்ற பயமே இல்லாமல் திருப்ப முடிவது இதனால்தான்.

என் காரில் ஃபில்டர் இருக்கும் இடம் கொடுமையானது. ஒரு பக்கம் புகைபோக்கிக் குழாய், மறுபக்கம் வயர் கட்டு. முந்தைய சர்வீசில் யாரோ கருவி போட்டு முறுக்கியிருக்க வேண்டும், கையால் துளியும் அசையவில்லை. பட்டை ரெஞ்ச் எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்கியது. சங்கிலி ரெஞ்ச் பிடித்துக்கொண்டது, ஆனால் அதன் கைப்பிடியைச் சுழற்ற இடமில்லை. கிண்ண வடிவ ரெஞ்ச் அளவு கச்சிதமாகப் பொருந்தினால் அருமையானதுதான். ஆனால் ஃபில்டருக்கு ஃபில்டர் விட்டமும் அதன் நுனியைச் சுற்றியுள்ள மடிப்புகளின் எண்ணிக்கையும் மாறுவதால், ஒவ்வொன்றுக்கும் ஒரு கிண்ணம் தேவைப்படும். மூன்று நக ரெஞ்சை நீண்ட எக்ஸ்டென்ஷனில் (நீட்டிப்புத் தண்டில்) மாட்டி, கீழிருந்து நேராக ஏற்றினேன். அதற்கு முன்பே என்ஜினைச் சில நிமிடங்கள் ஓட விட்டு நிறுத்தி, குழாய் கையைச் சுடாத அளவுக்கு ஆறிய பிறகு, ஃபில்டரைத் துணியால் நன்றாகத் துடைத்திருந்தேன். நகங்கள் வளைந்த நுனியை மட்டும் கவ்வாமல் பக்கவாட்டுச் சுவரைப் பிடிக்கும் வரை கருவியை மேலே தள்ளினேன். பிறகு வெடுக்கென்று இழுக்காமல் சீராக அழுத்தம் கொடுத்தேன். தகட்டில் மூன்று பள்ளங்கள் விழுவது தெரிந்தது. அடுத்த கணம் 'டக்' என்ற சத்தத்தோடு ரப்பர் வளையம் விட்டுக்கொடுத்தது. அதற்கு மேல் கையாலேயே சுழற்றி எடுத்துவிட்டேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஃபில்டர் ஒரு குழிக்குள் அமர்ந்திருந்தால் நகங்கள் இறங்க இடம் கிடைக்காது. இதை வைத்துப் புது ஃபில்டரை இறுக்கவும் கூடாது, உறையை நசுக்கிவிடும். பிளாஸ்டிக் மூடிக்குள் காகித ஃபில்டர் வரும் என்ஜின்களில் இதைக் கிட்டேயே கொண்டுபோக வேண்டாம். மூடி உடைந்தால் செலவு வேறு மாதிரி ஆகிவிடும். அவற்றுக்கு மூடியின் அளவுக்கேற்ற சாக்கெட்தான் சரி.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். இறுகிய ஃபில்டர் கழன்றதும், அதன் ரப்பர் வளையம் ஃபில்டரோடு வந்துவிட்டதா என்று கட்டாயம் பாருங்கள். சில நேரம் அது ஃபில்டர் அமரும் என்ஜின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கவனிக்காமல் அதன்மேல் புதியதை ஏற்றினால், என்ஜினை ஓட்டியதும் அழுத்தத்தில் இரண்டு வளையங்களுக்கும் இடையே எண்ணெய் பீறிட்டு வெளியேறும். பழைய வளையத்தை எடுத்துவிட்டு அந்த முகத்தைத் துடையுங்கள். புது வளையத்தில் புது எண்ணெயை விரலால் தடவுங்கள். வளையம் என்ஜின் முகத்தைத் தொட்ட பிறகு பெரும்பாலான ஃபில்டர்களுக்கு முக்கால் சுற்று போதும், அதுவும் கையால். சரியான அளவை ஃபில்டரின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். உலர்ந்த வளையமும் அளவுக்கு மீறிய முறுக்கும்தான் பெரும்பாலும் அடுத்த முறை நம்மைத் தவிக்க வைப்பவை.

வேலை முடிந்ததும் பற்சக்கரங்களுக்கு இடையே சேர்ந்த மண்ணைத் துலக்கி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வைக்கிறேன். நகங்கள் இன்னும் தடையில்லாமல் விரிந்து மடங்குகின்றன.