செராஸ் பேஸ்பால் வகுப்பு: மகளோடு போய்வந்த ஆறு மாதம்

என் மகளுக்கு 11 வயது. பள்ளியில், பந்துவீசுபவர் கீழிருந்து எறியும் சாஃப்ட்பால் விளையாடியவள், போன வருடம் "அம்மா, எனக்கு பேஸ்பால்தான் வேணும், பந்தை மேலிருந்து எறியணும்" என்று பிடிவாதமாக நின்றாள். கோலாலம்பூரில் சிறுவர் பேஸ்பால் வகுப்பைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. பெண் பிள்ளைகளுக்கென்று தனி அணி எனக்கு எங்கும் அகப்படவில்லை. பையன்களோடுதான் சேர்க்க வேண்டியிருந்தது.

முதலில் போன இடத்தின் பெயர் வேண்டாம். பையன்களுக்கு ஒரேயொரு விண்ணப்பப் பாரம். என் மகளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு தாள்: அடிபட்டால் வழக்குப் போட மாட்டேன் என்று நான் கையெழுத்திட வேண்டும். "பையன் எறியிற பந்து பட்டு ஏதாச்சும் ஆனா நீங்க கோர்ட்டுக்குப் போயிடுவீங்கக்கா" என்றார் பொறுப்பாளர். பையனுக்குப் பட்டால் அவன் அம்மா போக மாட்டாரா என்று கேட்டேன். பதில் இல்லை. பாரத்தை மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டோம்.

எனக்கு அன்றைக்கு இரவு முழுக்க ஆறவில்லை. ஒரு பழைய வழக்குதான் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் 1972இல் நியூஜெர்சி மாநிலத்து ஹோபோக்கன் நகரில் மரியா பெப்பே என்ற சிறுமி, லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பின் அணியில் மூன்று ஆட்டம்தான் ஆடினாள். தலைமையகம் அந்த உள்ளூர் அமைப்பின் உரிமத்தைப் பறிப்பதாக மிரட்ட, அவளை வெளியே அனுப்பினார்கள். வழக்கு அதனால்தான் வந்தது. பெண் பிள்ளைகளின் எலும்பு வலுக் குறைந்தது என்றுகூட வாதாடிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. 1974இல் லிட்டில் லீக் பெண் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தது. ஒதுக்கியதுதான் அவர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தது. இங்கேயும், 2010இல் திருத்திய நமது பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, கவனக்குறைவுக்கான பொறுப்பைக் கைகழுவும் ஒப்பந்த வாசகத்தை நியாயமற்றது என்று சொல்ல இடமுண்டு. அந்தக் கூடுதல் தாளை நம்பி யாரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

சரி, செராஸ் வகுப்புக்கு வருகிறேன். மாதக் கட்டணம் 180 ரிங்கிட், வகுப்பு சனிக்கிழமை காலை 8.30க்கு. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பாரம். என்னை அசத்தியது தலைக்கவசம் மாட்டும் விதம். இரு காதையும் மூடும் கவசத்தைப் போட்டுவிட்டு, கோச் அதை முன்னும் பின்னும் லேசாக அசைத்துப் பார்ப்பார். நெற்றித் தோலும் கூடவே அசைய வேண்டும். கவசம் மட்டும் தனியாக ஆடினால் வேறு அளவு. என் மகளுக்கு ஆடியது. உச்சியில் தூக்கிக் கட்டிய சடைதான் காரணம். "பிடரிக்குக் கீழே இறக்கிக் கட்டிட்டு வா தங்கச்சி" என்றார். கட்டி வந்ததும் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒருவர் மட்டையை வீசும்போது மற்றவர்கள் வேலிக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும், இதில் யாருக்கும் சலுகை கிடையாது.

மூன்றாவது மாதம் தரையில் எகிறிய பந்து இவள் கன்னத்தில் பட்டது. சுமார் 145 கிராம், கல் மாதிரி இருக்கும். ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் ஐஸ் வைத்துவிட்டார்கள். பிறகு ஒரு நோட்டில் நேரம், எங்கே பட்டது, என்ன செய்தோம் என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். மேலே முந்தின வாரம் முழங்காலில் அடிபட்ட பையனுக்கும் அதே கட்டங்கள். மறுநாள் காலை கோச் போன் பண்ணி வீக்கம் வடிந்ததா என்று விசாரித்தார். வழக்குக்குப் பயப்படுகிறவர்கள் இந்த நோட்டைத்தான் முதலில் வாங்க வேண்டும்.

குறை இரண்டு. பெண் பிள்ளைகள் உடை மாற்ற இடமில்லை, வீட்டிலிருந்தே சீருடையோடு வர வேண்டியிருக்கிறது. மழையால் வகுப்பு ரத்தானால் தகவல் தாமதமாகத்தான் வருகிறது, இரண்டு முறை திடல் வரை போய்த் திரும்பினோம். முதல் குறையை எழுதியே கொடுத்திருக்கிறேன்.

தலைக்கவசமும் மட்டையும் அங்கேயே தருகிறார்கள். கையுறை நீங்கள் வாங்க வேண்டும். வலது கையால் எறிகிற பிள்ளைக்கு இடது கையில் மாட்டுவதைக் கேட்டு வாங்குங்கள். நாங்கள் மாற்றி வாங்கிவிட்டு மறுபடி கடைக்கு அலைந்தோம்.