பட்டன் டயரா, ஸ்லிக்கா?

காரைக்குடிச் செம்மண் தடத்தில் ஓட்டிய பைக்கை அதே பட்டன் டயரோடு (பொத்தான் மாதிரிக் கட்டைகள் துருத்திய டயர்) டிராக் (drag) ரேஸுக்கு, அதாவது நேர்கோட்டில் சீறும் பந்தயத்துக்கு, இறக்கலாமா என்று தம்பிகள் கேட்கிறார்கள். வேண்டாம் என்பேன். அதன் கட்டைகள் மண்ணைக் கடிக்க உருவானவை. தாரில் அவற்றின் முனை மட்டும்தான் படும். கிளட்சை விட்டதும் கட்டைகள் வளைந்து பின்சக்கரம் ஆடும். ஓட்டி முடித்துத் தடவிப் பாருங்கள், ஓரமெல்லாம் பிய்ந்திருக்கும்.

டிராக் ரேஸுக்கான வழவழ டயர்தான் ஸ்லிக். அதில் வெட்டே கிடையாது. ரப்பர் மிருது. காற்றைக் குறைத்தால் அழுந்திப் பரந்து பிடிக்கும். கிளம்பும் முன் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றிச் சூடேற்றினால் பிசுபிசுவென ஒட்டும். கால் மைல், அதாவது 402 மீட்டர் ஓட்டத்தில் கிளம்பும் நொடிதான் பாதிப் பந்தயம். அதனால் என் ஓட்டு ஸ்லிக்குக்குத்தான். ஈரத்தரையில் மட்டும் ஆகாது. அப்புறம், தேவகோட்டை ரோட்டில் இதை ஓட்டவே கூடாது. இருங்காட்டுக்கோட்டை மாதிரிப் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோங்கள்.