கோல்ஃப் 5-ஐத் தாழ்த்தும்போது: பழைய ஸ்ட்ரட்டா, பில்ஸ்டைனா, கோனியா?

ஐந்தாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபை 30 மி.மீ. தாழ்த்த நினைப்பவர்கள் பெரும்பாலும் எந்த ஸ்பிரிங் என்பதில்தான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங் தொகுப்பான ஐபாக் புரோ-கிட் வாங்கியாச்சு என்றால் தேடல் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த ஸ்பிரிங்கை அடக்கி ஆள வேண்டியது ஸ்ட்ரட், அதாவது ஷாக் அப்சார்பர். என்னைக் கேட்டால் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியதும் அதைத்தான்.

காரில் ஏற்கெனவே இருக்கும் ஸ்ட்ரட்டையே வைத்துக்கொள்வது மலிவு. கார் 30 மி.மீ. இறங்கினால், மேடு பள்ளத்தில் சக்கரம் மேலே ஏற இருந்த இடமும் கிட்டத்தட்ட அதே அளவு குறைகிறது. ஸ்பிரிங் 20 சதவீதம் விறைப்பானால், முன்போலவே அடங்க டாம்பிங் (துள்ளலை அடக்கும் விசை) சுமார் 10 சதவீதம் கூட வேண்டும். புது ஸ்ட்ரட் இதை ஓரளவு தாங்கும். எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியதிடம் அதை எதிர்பார்க்க முடியாது. பாலத்தின் இணைப்பைத் தாண்டிய பிறகும் கார் இன்னொரு முறை துள்ளும். அப்புறம் “இந்த ஸ்பிரிங் ரொம்பக் கடினம்” என்ற புலம்பல் வரும். பல நேரம் அது ஸ்பிரிங்கே அல்ல, ஸ்ட்ரட் அளவுக்கு மீறி அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் இடிப்பதுதான். டஸ்ட் கவரைத் தூக்கி, ஸ்ட்ரட் தண்டில் ஒரு கேபிள் டையை மாட்டிவிட்டு வழக்கமான சாலையில் ஓட்டிப் பாருங்கள். அந்த டை ரப்பரோடு ஒட்டிப்போய் நின்றால் விஷயம் புரிந்துவிடும்.

பில்ஸ்டைன் நிறுவனத்தின் பி8 ஸ்ட்ரட், தாழ்த்திய காருக்கென்றே நீளம் குறைத்துச் செய்தது. (பி6 வழக்கமான உயரத்துக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.) உள்ளே ஒற்றைக் குழாய், அழுத்தம் மிகுந்த வாயு. வளைவில் கார் தளும்பாது, நெடுஞ்சாலை வேகத்தில் கையில் நல்ல பிடிப்பு இருக்கும். ஆனால் பெயர்ந்து கிடக்கும் சாலையில் சின்னச் சின்ன அதிர்வுகளை உள்ளே கொண்டுவருவதில் தாராளம்தான். பி8-ஐயும் ஐபாக் ஸ்பிரிங்கையும் சேர்த்து பி12 என்றே விற்கிறார்கள். ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி: இரண்டுக்கும் சேர்த்தே சான்றிதழ் வருவதால், சோதனை மையத்தில் இந்த மாற்றத்தைப் பதிவு செய்வது எளிது.

கோனி நிறுவனத்தின் மஞ்சள் நிற ஸ்ட்ரட்டின் பலம், ரீபவுண்டை (அமுங்கியது திரும்ப நீளும்போது தடுக்கும் விசையை) நாமே கூட்டிக் குறைக்கலாம் என்பது. முன்பக்கம் மேலிருந்தே திருகிவிடலாம். சில கார்களில் பின்பக்கத்தைக் கழற்றித்தான் மாற்ற முடியும். நாளைக்கு இன்னும் விறைப்பான ஸ்பிரிங் போடும் எண்ணம் இருந்தாலோ, தேய்மானத்தை ஈடுகட்ட வேண்டும் என்றாலோ இதுதான் சரி. கோனியிலேயே ஆரஞ்சு நிறத்தில் வரும் எஸ்டிஆர்டி விலை குறைவு. அதில் இந்தத் திருகு கிடையாது.

அலுவலகம், வீடு, எப்போதாவது நீண்ட பயணம், நடுவே மோசமான சாலை என்றால் என் ஓட்டு கோனி மஞ்சளுக்கு, மென்மையான நிலையிலிருந்து கொஞ்சமே ஏற்றி. பெரும்பாலும் நல்ல நெடுஞ்சாலை, மாட்டிவிட்டு மறந்துவிட வேண்டும் என்பவர் பி12 எடுக்கலாம். இப்போதைக்கு ஸ்பிரிங்குக்கு மட்டும்தான் காசு இருக்கிறதென்றால் பொறுத்திருங்கள். இரண்டையும் தனித்தனியாக மாற்றினால் கழற்றி மாட்டும் கூலியும் வீல் அலைன்மென்ட்டும் இரண்டு முறை.

ஆர்டர் போடும் முன் ஒரு வேலை: கோல்ஃப் 5-இல் முன் ஸ்ட்ரட்டின் விட்டம் 50 மி.மீ., 55 மி.மீ. என இரண்டு வகை. ஸ்ட்ரட் கவ்வப்படும் இடத்தில் வெர்னியர் வைத்து அளந்துவிடுங்கள். ஸ்ட்ரட்டின் மேல்முனையைக் காரோடு இணைக்கும் டாப் மவுண்ட்டையும் பேரிங்கையும் கையோடு புதிதாகப் போடுங்கள். கீழ் ஆர்ம் போல்ட்டுகளை, கார் சக்கரத்தில் நிற்கும் உயரத்தில் வைத்துத்தான் இறுக்கச் சொல்லுங்கள். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால் ஆர்மில் உள்ள ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.