மேப்பிள் இலை போட்ட டிக்கெட்டை நம்பாதீர்கள்

ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் இருப்பவர்களே, "கொழும்பில் இசை இரவு, போக வர வாகனம், சாப்பாடு, டிக்கெட் எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம்" என்று வட்ஸ்அப்பில் படம் வந்திருந்தால், பணம் போடுவதற்கு முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். பதினொரு பேருடைய பணத்தைச் சேர்த்துக் கொண்டுபோய் ஒருவனிடம் கொடுத்து ஏமாந்தவள் நான். என் பணம் மட்டும் போயிருந்தால் வெட்கத்தில் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன்.

இது நடந்தது 2024 ஒக்டோபரில், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது. படம் முழுவதும் செம்மஞ்சள் நிறம். மேப்பிள் இலைகள் சுழன்று சுழன்று விழுகின்றன. மேலே கொட்டை எழுத்தில் "இலையுதிர் கால இசை இரவு". இந்த நாட்டில் ஐப்பசியில் எந்த மரம் சிவந்து உதிர்கிறது? தேயிலை அப்படி உதிர்ந்தால் தோட்டத்துத் துரைக்கு மாரடைப்பு வந்துவிடும். ஐப்பசி என்றால் எங்களுக்குப் பிற்பகல் மழையும் இடியும் மண்சரிவு எச்சரிக்கையும்தான். வெளிநாட்டில் எவரோ எதற்கோ செய்த படத்தை எடுத்து, எழுத்தை மட்டும் மாற்றியிருக்கிறான் என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சித்திரமும் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை நான். எனக்குத் தோன்றியதோ "படம் அழகாக இருக்கிறதே" என்பது மட்டும்தான்.

அழைத்துப் பேசினேன். "டீச்சர், நானும் நோர்வூட் பக்கம்தான். அம்மா இன்னும் மலையில் கொழுந்து பறிக்கிறார்" என்றான். கொழும்புக்காரன் என்றால் நூறு கேள்வி கேட்டிருப்பேன். கூடை சுமக்கிற தாயின் மகன் என்றதும் ஒரு கேள்விகூட வாயில் வரவில்லை. நான் விழுந்த இடம் அதுதான்.

ஆளுக்கு 6,500 ரூபா. அந்தச் செப்டெம்பரில்தான் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக வர்த்தமானியில் வந்திருந்தது. ஏறக்குறைய ஐந்து நாள் சம்பளம் ஒரு டிக்கெட்டுக்குப் போகிறது. அப்படியிருந்தும் சேர்ந்தார்கள். ஹட்டனில் பாட்டுக் கச்சேரி என்றால் டன்பார் மைதானத்தில் வானத்தைப் பார்த்துப் பார்த்து நிற்க வேண்டும். கொழும்பில் கூரைக்குக் கீழ் நாற்காலி. அதோடு அங்கே கடைகளில் வேலை செய்யும் தங்கள் பிள்ளைகளை ஒரு மணித்தியாலமாவது பார்த்துவிட்டு வரலாம் என்ற ஆசை. பத்தாம் திகதிச் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்தவர்கள் உண்டு. 71,500 ரூபாவை ஹட்டன் நகரில் பணம் வைப்பிடும் இயந்திரத்தில் போட்டேன். கணக்கு ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. "அக்காவின் கணக்கு, டீச்சர்" என்றான். ரசீது கேட்டதற்குப் பெருவிரல் படம் ஒன்று வந்தது. அதன் பிறகு ஒவ்வொருவருக்கும் டிக்கெட்: அதே இலைகள், ஒரு சதுரக் கியூஆர் குறியீடு, ஆசன இலக்கம் எஃப் 12 முதல் 22 வரை. அந்த வரிசை இலக்கத்தைப் பார்த்ததும் மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது.

காலை ஆறு மணிக்கு வரவேண்டிய சொகுசு பஸ், ஒன்பதேகாலுக்குப் பழைய வேனாக வந்தது. கினிகத்தேனை வளைவுகளில் இருவர் வாந்தி எடுத்தார்கள். கித்துல்கல, அவிசாவளை தாண்டிக் கொழும்புக்குள் நுழைந்தபோது பிற்பகல் மூன்று மணி. தாமரைக் கோபுரத்தில் ஏற்றுவதாகச் சொல்லியிருந்தான். 350 மீற்றர் உயரக் கோபுரத்தை வேன் கண்ணாடி வழியாகக் கழுத்தை வளைத்துப் பார்த்ததோடு சரி. பிள்ளைகளைப் பார்க்கவும் நேரம் இருக்கவில்லை. காலிமுகத்திடலில் இறக்கிவிட்டார்கள். அந்த ஒரு மணித்தியாலத்தைக் குறை சொல்ல மாட்டேன். பட்டம் விற்பவர்கள், கடல் காற்று, காகிதத்தில் எண்ணெய் ஊறும் இறால் வடை. அம்மாவின் அக்கா, அறுபத்தேழு வயதுப் பெரியம்மா, வடையில் இருந்த இறாலைத் தனியே கழற்றி, "இது எங்களைப் பார்க்கிறது" என்று என் கையில் வைத்தார்.

அவர் வந்ததே ஓர் ஆள் குறைந்ததால்தான். மாசியில் எங்கள் தோட்டத்தில் விடிய விடியக் காமன் கூத்து நடக்கும். பாயைக் கொண்டுபோய் விரித்து உட்கார்ந்தால் முடிந்தது. வாசலும் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. பெரியம்மாவுக்குத் தெரிந்த இரவு நிகழ்ச்சி அது ஒன்றுதான்.

மண்டப வாசலில் வயதானவர் முதலில் போகட்டும் என்று அவரை முன்னே விட்டோம். டிக்கெட் என் தொலைபேசியில் இருந்தது. வாசலில் நின்ற பையன் கருவியைக் காட்டினான். பச்சை விளக்கு. பெரியம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அடுத்தது நான். சிவப்பு. எனக்குப் பின்னால் வந்தவருக்கும் சிவப்பு. பதினொரு டிக்கெட்டில் பத்துக்குச் சிவப்பு. பையன் திரையைத் திருப்பிக் காட்டினான்: "இந்த டிக்கெட் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது."

ஒரேயொரு டிக்கெட்டை, அதுவும் ஆகக் குறைந்த 3,000 ரூபா டிக்கெட்டை வாங்கி, ஆசன இலக்கத்தை மட்டும் மாற்றி மாற்றிப் பதினொன்றாக்கியிருக்கிறான். எங்களுக்கு முன்பே அங்கே ஒரு பண்டாரவளைக் குடும்பம் அதே இலைப் படத்தோடு ஓரமாக நின்றது. அவர்களிடமும் அம்மா கொழுந்து பறிக்கிறார் என்றுதான் சொல்லியிருக்கிறான். அவனுக்கு அழைத்தோம். இரண்டு முறை மணி அடித்தது. மூன்றாம் முறை இணைப்பே இல்லை.

பெரியம்மாவிடம் தொலைபேசி கிடையாது. உள்ளே அவர், வெளியே பத்துப் பேர். அவரை வெளியே அழைத்துவிடச் சொன்னோம். இருட்டுக்குள் ஆயிரம் பேரில் யாரைத் தேடுவது என்றான் பையன். நியாயம்தான். மூன்று மணித்தியாலம் நடைபாதையில் உட்கார்ந்து, சுவர் அதிர வந்த பாட்டைக் கேட்டோம். இராச்சாப்பாட்டுக்கு என்று அவன் சொல்லியிருந்த வெள்ளவத்தைக் கடைக்கு அழைத்தால், எங்கள் பெயரையே அவர்கள் கேள்விப்பட்டிருக்கவில்லை. பாணும் வாழைப்பழமும் வாங்கிச் சாப்பிட்டோம்.

கூட்டம் கலைந்தபோது பெரியம்மா செருப்பைக் கையில் பிடித்தபடியே வந்தார். "பாட்டெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சத்தம்தான் நெஞ்சை இடித்தது. நீங்கள் எல்லாரும் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள்?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை.

அதோடு முடியவில்லை. திரும்பிப் போகும் காசு டீச்சரிடம் இருக்கிறது என்று அவன் சொன்னதாக வேன் சாரதி சொன்னார். 22,000 ரூபா. அவரைத் திட்டிப் பயனில்லை. அவருக்கும் போகும் கூலி மட்டும்தான் வந்திருந்தது. இரவுத் தபால் ரயிலும் எப்போதோ போய்விட்டது. புறக்கோட்டையில் தீபாவளித் துணி எடுக்க மடித்து வைத்திருந்த காசை ஒவ்வொருவராக எடுத்து நீட்டினார்கள். அப்போது எவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஊருக்கு வந்த பிறகுதான் அந்தச் சதுரங்களை ஒழுங்காகப் பார்த்தேன். மூன்று மூலைகளிலும் இருக்கும் பெரிய கட்டங்கள் எந்தக் கியூஆர் குறியீட்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் எல்லாம் ஒன்றுபோலவே கண்ணுக்குப் படும். நடுவில் உள்ள புள்ளிகள் டிக்கெட்டுக்கு டிக்கெட் மாற வேண்டும். இரண்டு டிக்கெட்டுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். தொலைபேசிக் கமெராவால் படித்துப் பார்த்தால் இன்னும் சுலபம். இரண்டிலும் ஒரே இலக்கம் வந்தால் உங்களிடம் இருப்பது ஒரு டிக்கெட்தான். நடத்துகிறவர்களிடம் நேரே வாங்க முடிந்தால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம். வாகனத்தைத் தனியாகப் பேசுங்கள், சாரதியோடு. பேசுகிறவனின் பெயரில் இல்லாத கணக்குக்கு ஒரு சதம் போடாதீர்கள்.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கையில் ரசீது இருக்க வேண்டும். என்னிடம் இருப்பது வைப்பிட்ட துண்டும் ஒரு பெருவிரலும். பண்டாரவளைக் குடும்பத்தின் துண்டையும் சேர்த்துத்தான் அனுப்புகிறேன். பத்துப் பேருடைய பணத்தையும் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறேன். பெரியம்மா மட்டும் வாங்க மறுக்கிறார். அவர்தான் பாட்டைப் பார்த்துவிட்டாராம்.

இதை இன்று எழுதக் காரணம், நேற்று ஒரு மாணவனின் தந்தை காட்டிய படம். நுவரெலியாவில் நத்தார் இரவு, ஆளுக்கு 7,500 ரூபா, எல்லாம் அடக்கம். இலைகள் இல்லை, இம்முறை பனி கொட்டுகிறது. தொலைபேசி இலக்கம் வேறு. பணம் போடச் சொல்லும் கணக்கு அதே பெண்ணின் பெயரில்தான் இருக்கிறது.