இடுப்பு வலிக்கு 21 நாள் பேக்கேஜ்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். வயது 43. இடுப்பு வலிக்காக ஒரு தனியார் பிசியோதெரபி கிளினிக்கில் 12,600 ரூபாயை மொத்தமாகக் கட்டினேன். ஒன்பது நாள் போனேன். போகும்போது தொடை வரை இருந்த வலி, நிறுத்தும்போது கெண்டைக்கால் வரை இறங்கியிருந்தது. இந்த மாதிரி பேக்கேஜ் விற்கும் இடங்கள் எல்லா ஊரிலும் இருப்பதால், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

தை மாதம் இடது பக்க இடுப்பில் பிடிப்பாக ஆரம்பித்தது. இரண்டு வாரத்தில் தொடையின் பின்பக்கம் ஒரு இழுப்பு வந்தது. எலும்பு டாக்டர் மாத்திரை கொடுத்தார், எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார், பிசியோதெரபிக்கு எழுதினார். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் பெரிய போர்டு வைத்திருந்த கிளினிக்குக்குப் போனேன்.

உள்ளே போனதும் முதலில் விலைதான் பேசினார்கள். "தினமும் கட்டினா 700ங்கண்ணா. 21 நாள் பேக்கேஜா எடுத்தா 600தான் விழும்" என்றார் வரவேற்பில் இருந்த பெண். அப்புறம்தான் தெரபிஸ்ட் அறை. அவர் என் ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கியிருக்கு. குனியவே கூடாது. இப்படியே விட்டா ஆபரேஷன்தான்." இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை போன்ற பகுதியைத்தான் அப்படிச் சொன்னார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. என்னை நாற்காலியிலிருந்து எழச் சொல்லவில்லை. என்ன வேலை செய்கிறேன் என்று கேட்கவில்லை. ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்ட பயத்திலேயே போய்ப் பணத்தைக் கட்டினேன்.

இப்போது தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2015இல் அமெரிக்க நரம்புக் கதிரியல் (ஸ்கேன் துறை) இதழ் ஒன்றில் ஓர் ஆய்வுத் தொகுப்பு வந்தது. வலியே இல்லாத 3,110 பேரின் முதுகெலும்பு ஸ்கேன் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். டிஸ்க் பிதுக்கம் 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், 40 வயதில் பாதிப் பேருக்கும், 80 வயதில் 84 சதவீதம் பேருக்கும் இருந்தது. ஒரு வலியும் இல்லாமல் நடமாடுகிறவர்கள் அவர்கள். ஸ்கேனில் பிதுக்கம் தெரிந்தால் வலிக்கு அதுதான் காரணம் என்று உடனே முடிவு கட்ட முடியாது. ஆளை அசையவிட்டுப் பார்த்தால்தான் இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று தெரியும்.

அங்கே தினமும் நடந்தது இதுதான். இடுப்பில் ஈரப் பஞ்சு வைத்து 15 நிமிடம் ஐ.எஃப்.டி. என்ற லேசான கரண்ட். ஜெல் தடவி 10 நிமிடம் அல்ட்ராசவுண்ட் என்ற ஒலி அலை சிகிச்சை. பெல்ட் மாட்டி 15 நிமிடம் இடுப்பை இழுத்து வைக்கும் டிராக்‌ஷன். எல்லாம் செய்தது ஒரு சின்னப் பையன். "எந்தக் காலேஜ்ல படிச்சீங்க தம்பி?" என்று கேட்டேன். "மெஷின் வைக்க இங்கயே கத்துக் கொடுத்தாங்கண்ணா" என்றான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. பி.பி.டி. என்ற பிசியோதெரபிப் பட்டம் படித்து, பயிற்சியும் முடித்தவர்கள் செய்ய வேண்டிய வேலையில் அவனை நிறுத்தியவர்கள் மேல்தான் கோபம். இங்கிலாந்தில் டாக்டர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டி வெளியிடும் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட முதுகு வலி வழிகாட்டியில், கொடுக்க வேண்டாம் என்று சொல்லும் சிகிச்சைகளில் இந்த மூன்றுமே இருக்கின்றன. கால் வரை இறங்கும் வலிக்கும் அதே பேச்சுதான்.

மூன்றாம் நாள் ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுத்தார்கள். மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சோடு அணைக்க வேண்டும், உட்கார்ந்து கால் விரலைத் தொட வேண்டும். குனியவே கூடாது என்று சொன்னவர்கள் கொடுத்த தாளில் எல்லாமே முதுகை முன்பக்கம் வளைக்கும் பயிற்சி. ஐந்தாம் நாள் கெண்டைக்காலில் சுருக்கென்று இழுத்தது. சொன்னேன். "வலி கூடினா குணமாகுதுன்னு அர்த்தம்" என்றார்கள். ஒன்பதாம் நாள் ராத்திரி தூங்க முடியவில்லை. அதோடு நிறுத்திவிட்டேன்.

மீதி 12 நாளுக்கான 7,200 ரூபாயைக் கேட்டேன். ரசீதின் அடியில் பொடி எழுத்தில் "பணம் திருப்பித் தரப்படாது" என்று இருப்பதைக் காட்டினார்கள். அப்புறம், "வீட்ல யாருக்காச்சும் முட்டி வலி இருந்தா மீதி நாளை அவங்களுக்கு எடுத்துக்கங்க" என்றார்கள். என் இடுப்புக்கு என்று விற்ற சிகிச்சை என் மனைவியின் முட்டிக்கும் அப்படியே பொருந்தும் என்றால், அதில் என் உடம்பைப் பார்த்து முடிவு செய்தது எது? எனக்கு முழுதாகப் புரிந்தது அந்த இடத்தில்தான்.

பிறகு அரசு ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவுக்குப் போனேன். ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் அம்மா என் ஸ்கேன் கவரை வாங்கிப் பிரிக்காமல் மேசையில் வைத்தார். "இதை அப்புறம் பார்க்கறேன். செருப்பைக் கழட்டிட்டு அந்தச் சுவர் வரைக்கும் நடந்து காட்டுங்க."

நடந்தேன். குதிகாலில் நடக்கச் சொன்னார், நுனிக்காலில் நடக்கச் சொன்னார். கால் கட்டை விரலை அமுக்கிப் பிடித்து மேலே தூக்கச் சொன்னார். முட்டியில் சுத்தியலால் தட்டினார், படுக்க வைத்துக் காலை நேராகத் தூக்கினார். சிறுநீர், மலம் போவதில் மாற்றம் உண்டா, தொடை இடுக்கில் மரத்துப் போகிறதா, பாதம் தொங்குகிறதா என்று கேட்டார். இதில் ஏதாவது திடீரென்று வந்தால் எந்தப் பயிற்சியும் செய்யாமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு ஓடி வர வேண்டுமாம். 12,600 ரூபாய் வாங்கியவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

அப்புறம் முன்னால் பத்து முறை குனியச் சொன்னார். ஒவ்வொரு முறையும் "இப்ப வலி எங்க இருக்கு?" என்று கேட்டார். ஏழாவது முறை கெண்டைக்காலுக்கு இறங்கிவிட்டது. உடனே நிறுத்திக் குப்புறப் படுக்க வைத்தார். இடுப்பு மேசையிலேயே இருக்க, கையை ஊன்றி மேல் உடம்பை மட்டும் தூக்க வேண்டும். பத்துப் பத்தாக மூன்று முறை. கெண்டைக்கால் வலி தொடைக்கு வந்தது, தொடையிலிருந்து புட்டத்துக்கு ஏறியது. இடுப்பில் மட்டும் கொஞ்சம் கூடியது. நான் பயந்தேன். அவர் முகம் மலர்ந்தது. "கால்ல இருந்து ஏறி முதுகுக்கு வருதுல்ல? அதுதான் நமக்கு வேணும்."

இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1956இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்டிடம் கால் வலியோடு ஒருவர் வந்தார். தலைப்பக்கம் உயர்த்தி விட்டிருந்த மேசையில் அவர் தெரியாமல் குப்புறப் படுத்துவிட்டார். பதறிப்போய் வந்து பார்த்த மெக்கன்சியிடம், கால் வலி போய்விட்டது என்றார். எந்தப் பக்கம் அசைத்தால் வலி காலை விட்டு ஏறுகிறது என்று தேடிப் பார்க்கும் முறை அங்கிருந்து வளர்ந்தது. ஆனால் நான் செய்ததைப் பார்த்து நீங்களும் குப்புறப் படுத்து எழாதீர்கள். நடந்தால் கால் கனத்து, உட்கார்ந்தால் சரியாகும் வயதானவர்கள் சிலருக்குப் பின்பக்கம் வளைவதுதான் வலியைக் கூட்டும். சோதித்துப் பார்க்காமல் யாருக்கு எது என்று சொல்ல முடியாது.

கடைசியாக, நான் வேலையில் நிற்பது எப்படி என்று அந்த மேசையிலேயே காட்டச் சொன்னார். முட்டியை மடக்காமல், துணியின் நடுப்பக்கத்தை எட்ட இடுப்பை வளைத்துக் காட்டினேன். "ஒரு நாளைக்கு இப்படி எத்தனை தடவை?" எனக்குத் தெரியவில்லை. அடுத்த நாள் வேலையில் எண்ணிப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் 200ஐத் தாண்டிவிட்டது. முதலாளியிடம் சொல்லி, கட்டிங் டேபிளின் கால்களுக்கு அடியில் நான்கு அங்குலக் கட்டை கொடுத்தோம். மூன்று வாரத்தில் கால் வலி போனது. இடுப்புப் பிடிப்பு எப்போதாவது வருகிறது, அந்தப் பயிற்சி செய்தால் விட்டுவிடுகிறது.

எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் பணம் கட்டும் முன் பாருங்கள். உங்களை நடக்க, குனிய, உட்கார்ந்து எழ வைத்தார்களா? வேலையைப் பற்றிக் கேட்டார்களா? படித்தவர் யார் என்று சொல்கிறார்களா? இல்லையென்றால் ஒரு நாள் பணத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். இப்படி எங்காவது பணம் கட்டி மாட்டிக்கொண்டவர்கள் ரசீதையும் அவர்கள் கொடுத்த பயிற்சித் தாளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என் மனுவோடு நான் வைக்கப்போவது அந்த இரண்டையும்தான்.